கொரியக் குழந்தைகளும் ஏசாயா 43-ஆம் அதிகாரமும்

பாபிலோனில் சிறையிருந்த மக்களுக்கு உரைக்கப்பட்ட ஏசாயா 43-ஆம் அதிகாரத்தில், நாற்றிசைகளிலும் சிதறுண்ட பிள்ளைகளைக் கடவுள் மீண்டும் ஒன்றுசேர்ப்பார் என்னும் வாக்குறுதி உள்ளது. தாயகத்தை இழந்தோர் தாயகம் திரும்புவதைப் பற்றிய வாக்குறுதி அது. இருபதாம் நூற்றாண்டில் இப்பகுதி ஒரு பெரும் இயக்கத்திற்கு ஊக்கமளித்தது. ஆனால் அவ்வியக்கம் பிள்ளைகளைத் தாயகத்திற்கு அழைத்து வரவில்லை, தாயகத்திலிருந்து அழைத்துச் சென்றது. இறையியல் மாணவர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கிரெஸ்வெல் என்னும் சிற்றூரில் ஹாரி ஹோல்ட் என்னும் விவசாயியும் அவர் மனைவி பெர்த்தாவும் ஆறு பிள்ளைகளோடு வாழ்ந்து வந்தனர். 1954-ஆம் ஆண்டின் இறுதியில், வேர்ல்ட் விஷன் நிறுவனர் பாப் பியர்ஸின் கூட்டமொன்றில் அவர்கள் ஒரு திரைப்படத்தைக் கண்டனர். கொரியப் போரின்போது அயல்நாட்டுப் படைவீரருக்குப் பிறந்து, ஆதரவற்றுக் கிடந்த குழந்தைகளை அது காட்டியது. எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுக்க அவர்கள் முடிவு செய்தனர். ஒரு குடும்பம் இருவரை மட்டுமே ஏற்கலாம் என அன்றைய சட்டம் வரையறுத்திருந்ததால், 1955-இல் அமெரிக்கக் காங்கிரஸ் அவர்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. ஏசாயாவின் அவ்வசனங்களை ஹாரி தமக்குக் கிடைத்த உறுதிமொழியாகவே ஏற்றுக்கொண்டார். 1956-இல் பெர்த்தா எழுதிய நூலின் தலைப்பும், கிழக்கிலிருந்து வரும் சந்ததி என்னும் பொருளில், அப்பகுதியிலிருந்தே எடுக்கப்பட்டது.

இவர்களுடைய அன்பு போலியானதன்று. இருதய நோயாளியாயிருந்தும் ஹாரி ஓயாது உழைத்து, 1964-இல் கொரியாவிலேயே உயிர்நீத்தார். உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்காக இல்சானில் தாம் நிறுவிய இல்லத்தின் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். மகள் மாலி 2019-இல் மரிக்கும் வரை அங்கேயே ஊழியம் செய்தார். குறைகூற முற்படும் நம்மில் எத்தனை பேர் அவ்வளவு கொடுத்திருக்கிறோம்?

ஆயினும் அன்பு ஓர் அமைப்பாக வளர்ந்தபோது, அதற்குத் தாள்கள் தேவைப்பட்டன. தந்தை வழியையே குடும்பமாகக் கொண்ட கொரியப் பதிவேட்டில், தகப்பன் ஏற்காத பிள்ளைக்கு அன்று உரிய இடமிருக்கவில்லை. கலப்பினப் பிள்ளைகளை வெளியேற்ற அரசும் விரும்பியது. அதற்கெனவே 1954-இல் ஓர் அலுவலகத்தை ஏற்படுத்தியது. போரின் பிள்ளைகள் குறைந்த பின்னரும் அனுப்புதல் குறையவில்லை. ஏழைகளின் பிள்ளைகளும், பின்னர் மணமாகாத் தாய்மாரின் பிள்ளைகளும் அவ்விடத்தை நிரப்பினர். நாடு தொழில்வளம் பெற்றுவிட்ட 1985-ஆம் ஆண்டில் மட்டும் 8,800-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அனுப்பப்பட்டனர். போருக்குப் பின் அனுப்பப்பட்டோரின் மொத்தத் தொகை ஏறத்தாழ 2,00,000 எனப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது.

அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் நுழைவுரிமை அளித்தது "அநாதை" என்னும் வகையினருக்கே. எனவே பெற்றோர் உயிரோடிருந்த பல பிள்ளைகளுக்கும் அநாதைப் பதிவேடு எழுதப்பட்டது. அதில் குழந்தை ஒன்றே குடும்பத் தலைவர். குடும்பத்தில் வேறெவரும் இல்லை. தாய், தகப்பன் என்னும் இடங்கள் வெறுமையாய் விடப்பட்டன. பயண ஏற்பாடான ஒரு குழந்தை இறந்தாலோ, பெற்றோரால் திரும்பப் பெறப்பட்டாலோ, அதன் பெயரிலேயே மற்றொரு குழந்தை அனுப்பப்பட்டதும் உண்டு. ஆவணப் பொய்கள், தாயின் முறையான ஒப்புதலின்மை, போதிய ஆய்வின்றித் தெரிந்தெடுக்கப்பட்ட பெற்றோர் ஆகியவற்றைத் தென் கொரிய உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் 2025 மார்ச்சில் உறுதிசெய்து, அரசையே பொறுப்பாக்கியது.

இப்போது ஏசாயாவிடம் திரும்புவோம். அவ்வதிகாரத்தில் வடக்கும் தெற்கும் பிள்ளைகளை விட்டுக்கொடுக்கும்படி கட்டளை பெறுகின்றன. பிடித்துவைக்கக் கூடாதென எச்சரிக்கப்படுகின்றன. யாருக்கு இக்கட்டளை? சிறைபிடித்து வைத்திருக்கும் தேசங்களுக்கு. அதே வசனத்தைக் கொரியக் கரையில் வாசித்தபோது, விட்டுக்கொடுக்க வேண்டியவளாய் எதிரே நின்றவள் யார்? படைமுகாம் அருகே பிழைத்தவள், ஆலையில் உழைத்தவள், தன் வீட்டாரால் தள்ளப்பட்டவள். அவளிடம் பறிக்கத்தக்க வல்லமை எதுவும் இருந்ததில்லை. ஒரு வசனம் எந்தத் திசையில் யாரை நோக்கிப் பேசுகிறது என்று கேளாமல் அதை உரிமை பாராட்டுவது சிறு பிழையன்று. மேலும், அவ்வதிகாரம் தொடங்குவதே கடவுள் தம் மக்களைப் பெயர்சொல்லி அழைப்பதில். (நம் பிரசங்கங்களில் அவ்வசனத்தை எத்தனை முறை தத்தெடுத்தலோடு இணைத்துப் பேசியிருக்கிறோம்! நானும் பேசியிருக்கிறேன்.)

வளர்ந்த பிள்ளைகள் 1990-களில் திரளாகத் திரும்பி வரலாயினர். 1998-இல் அதிபர் கிம் டே-ஜுங் அவர்களை அழைத்து மன்னிப்புக் கேட்டார். 2012 முதல் தத்தெடுத்தலுக்குக் குடும்ப நீதிமன்றத்தின் அனுமதி கட்டாயமாயிற்று. நாடுகளுக்கிடையிலான தத்தெடுத்தல் பற்றிய 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, 2025 அக்டோபரில் தென் கொரியாவில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் வளர்ந்தும் குடியுரிமை பெறாதிருந்த சிலர், மொழியும் உறவும் அறியாத கொரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். 2000-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், அப்போதே வயதுவந்துவிட்ட அவர்களுக்கு உதவவில்லை. மற்றோர் தாமாகவே வந்து, தத்து நிறுவனங்களின் கோப்புகளில் தாயைத் தேடுகின்றனர். அக்கோப்பிலுள்ள பெயர் வேறொரு குழந்தையுடையது என்று கண்டறிந்தவர்களும் அவர்களுள் உண்டு.