பெயர் சுட்டும் படைக்கலம்: போர்க்கால வணிகக் கறுப்புப் பட்டியல்கள் (1916–2024)

முன்னுரை

பகைநாட்டோடு வணிகத் தொடர்புடைய நிறுவனங்களின் பெயர்களை ஊரறிய வெளியிடுவது, முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து அரசுகள் கையாண்டுவரும் நடைமுறையாகும். 1916இல் பிரிட்டன் வெளியிட்ட பட்டியலையும் ரஷ்யப் படையெடுப்புக்குப் பின் உக்ரைன் வெளியிட்ட பட்டியலையும் ஒப்பிட்டு, இத்தகைய பட்டியலின் ஆற்றல் எங்கிருந்து பிறக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரிட்டனின் பட்டியல்

பகைவருடன் வணிகம் செய்வதைத் தடுக்க 1914இல் பிரிட்டன் இயற்றிய சட்டம், பகைவர் யார் என்பதைக் குடியுரிமையைக் கொண்டு வரையறுக்கவில்லை; வாழுமிடத்தையும் தொழில் நடத்துமிடத்தையும் கொண்டே வரையறுத்தது. ஆகவே, நடுநிலை நாடான அர்ஜெண்டினாவில் தொழில் நடத்திய ஜெர்மானியரோடு லண்டன் வணிகர் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது குற்றமாகவில்லை. இவ்விடைவெளியை 1915 டிசம்பரில் இயற்றப்பட்ட விரிவாக்கச் சட்டம் அடைத்தது. அதன்படி, நடுநிலை நாடுகளில் இயங்கிய பகைத்தொடர்புடைய நிறுவனங்களின் முதல் பட்டியல் 1916 பிப்ரவரி இறுதியில் வெளிவந்தது.

இச்சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தியது பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்டோரை மட்டுமே. எனினும் உலகக் கப்பல் போக்குவரத்து, கப்பல்களுக்கு நிலக்கரி வழங்கும் துறைமுகங்கள், வங்கித்தொழில், காப்பீடு ஆகியவற்றில் பிரிட்டனுக்குப் பெரும்பிடி இருந்தது. பட்டியலில் ஏறிய நிறுவனத்தோடு உறவாடினால் தம் பெயரும் ஏறிவிடுமோ என நடுநிலை நாட்டு வணிகரும் அஞ்சினர். சட்டம் எட்டாத இடத்தை அச்சம் எட்டியது.

1916 ஜூலையில் எண்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களும் தனியாட்களும் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, குடியரசுத் தலைவர் வில்சன் கடுஞ்சினம் கொண்டார். அமெரிக்கா எழுத்துவழி மறுப்புத் தெரிவித்தது. செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் பதிலடி நடவடிக்கைக்கான அதிகாரத்தை அவருக்கு வழங்கியது. அவ்வதிகாரம் பயன்படுத்தப்படவில்லை. 1917 ஏப்ரலில் போரில் இறங்கிய அமெரிக்கா, அவ்வாண்டு டிசம்பரில் தானே அத்தகைய பட்டியலொன்றை வெளியிட்டது. 1941 ஜூலையிலோ, போரில் இறங்குவதற்கு முன்பே, லத்தீன் அமெரிக்காவில் அச்சு நாடுகளோடு தொடர்புடையோர் எனக் கருதிய 1,800க்கும் மேற்பட்ட பெயர்களை அறிவித்தது. நடுநிலையாளராக எதிர்த்ததையே அமெரிக்கா பின்னர்த் தன் கருவியாக்கிக்கொண்டது.

உக்ரைனின் பட்டியல்

2022இல் உக்ரைனின் தேசிய ஊழல் தடுப்பு முகமை தொடங்கிய பட்டியல், ரஷ்யாவில் தொழிலைத் தொடர்ந்து அந்நாட்டுக்கு வரி செலுத்திய பன்னாட்டு நிறுவனங்களைப் போரின் புரவலர்கள் எனச் சுட்டியது. உக்ரைனிடம் பிரிட்டனைப் போன்ற கடலாதிக்கமோ வங்கி வலிமையோ இல்லை. பட்டியலை மீறுவோருக்குத் தண்டனையும் இல்லை. நற்பெயர் கெடும் என்ற அச்சமே அதன் முதன்மைக் கருவி.

அக்கருவி சில இடங்களில் பலித்தது. 2023 மே மாதத்தில் மொண்டலீஸ் நிறுவனம் பட்டியலில் சேர்க்கப்பட்டதும், ஸ்காண்டிநேவிய விமான நிறுவனங்கள் உள்ளிட்ட பல அமைப்புகள் ஜூன் மாதத்தில் அதன் மராபூ, ஃப்ரேயா சாக்லேட்டுகளைப் புறக்கணித்தன.

வங்கிகளைச் சேர்த்தபோது நிலைமை மாறியது. ஹங்கேரியின் ஓடிபி வங்கி சேர்க்கப்பட்டதை எதிர்த்து, உக்ரைனுக்கான 50 கோடி யூரோ ஐரோப்பிய இராணுவ நிதியை அந்நாடு தடுத்தது. ரைஃபைசன் வங்கிக்காக ஆஸ்திரியா, ரஷ்யா மீதான 12ஆவது பொருளாதாரத் தடைத் தொகுப்புக்கு இசைவளிக்கத் தயங்கியது. 2023 இறுதிக்குள் இரு வங்கிகளின் பெயர்களும் நிறுத்திவைக்கப்பட்டன. அப்போதும் இரண்டும் ரஷ்யாவில் இயங்கியே வந்தன. 2024 மார்ச்சில், போதிய சட்ட அடிப்படை இல்லை என்னும் காரணத்தோடு, பட்டியலே முடித்துவைக்கப்பட்டது.

முடிவுரை

பிரிட்டன் தன் பட்டியலால் நடுநிலை அரசுகளின் பகையைத் தேடிக்கொண்டது. அதைத் தாங்கும் வலிமையும் அதற்கு இருந்தது. உக்ரைன் தன்னைத் தாங்கி நிற்கும் நாடுகளின் நிறுவனங்களையே பெயர் சுட்ட நேர்ந்தது. ஆகவே, பெயர் சுட்டுவதன் விலையைச் சுட்டியவரே செலுத்த வேண்டியதாயிற்று. சேர்ப்பதற்குப் போர்க்கால நடத்தையும் விடுவிப்பதற்கு அரசுகளின் பேரமும் அளவுகோல்களாயின. இவ்விரண்டும் வேறுபடும்போது பட்டியல் தன் நம்பகத்தன்மையை இழக்கிறது. அது நற்பெயரை மட்டுமே நம்பிய பட்டியலாயின், அவ்விழப்புக்குப் பின் அதற்கு எஞ்சுவது மிகச் சொற்பமே.