திசையன் கணக்கீட்டில் மாறிலி: தொகுப்பி உகப்பாக்க வரலாறு (1973–2016)

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மாறிலியைப் பல எண்களோடு ஒருசேரக் கணக்கிடும் பணியைத் தொகுப்பிகள் கையாண்ட முறை, வன்பொருளின் அமைப்பிற்கேற்ப மாறிவந்துள்ளது. அம்மாற்றத்தையும், அதனூடே மாறாது நின்ற ‘விடை பிழையாமை’ என்னும் வரம்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தொகுப்பி, திசையன், மாறிலி, உகப்பாக்கம், பதிவகம்

1. முன்னுரை

நிரலை எந்திர ஆணைகளாக மாற்றித் தருவது கம்பைலர் எனப்படும் தொகுப்பி. நிரல் இயங்கும்போது மதிப்பு மாறாதது மாறிலி. ஓர் ஆணையால் ஒருசேரக் கணக்கிடப்படும் எண்களின் வரிசை திசையன். கணிப்பொறியின் வேக வளர்ச்சி பெரும்பாலும் வன்பொருளின் சாதனையாகவே பேசப்படுகிறது. அதில் தொகுப்பியின் பங்கு யாது என்பதே இங்கு எழும் வினா.

2. தனி எண்களின் காலம்

நிரலில் 3 + 4 என்றிருப்பின், இயங்கும் வரை காத்திராமல் மொழிமாற்றத்தின்போதே 7 என எழுதிவிடலாம். பிரான்சிஸ் ஆலனும் ஜான் காக்கும் 1970களின் தொடக்கத்தில் தொகுத்த உகப்பாக்கப் பட்டியலில் இம்முறை இடம்பெற்றது. மாறிலியின் மதிப்பு நிரல் முழுவதும் பரவும் வழியைக் கண்டறியும் பொதுமுறையை 1973-இல் கேரி கில்டால் வெளியிட்டார்.

3. கிரே-1: ஒன்றாகவே இருந்த மாறிலி

1976-இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் நிறுவப்பட்ட கிரே-1 கணிப்பொறியில், 64 எண்கள் கொள்ளும் திசையன் பதிவகங்கள் எட்டு இருந்தன. தனியெண் பதிவகத்திலுள்ள ஓர் எண்ணைத் திசையனின் எல்லா உறுப்புகளோடும் கூட்டவும் பெருக்கவும் அதில் நேரடி ஆணைகள் உண்டு. ஆதலின் மாறிலியைப் படியெடுக்கும் தேவை எழவில்லை.

4. படிகளான மாறிலி

1999-இல் பென்டியம் III-உடன் வந்த எஸ்.எஸ்.இ. ஆணைகள் நான்கு எண்களை ஒருசேரக் கணக்கிட்டன. ஆனால் அவற்றின் இரு செயலேற்பிகளும் திசையன்களாக இருத்தல் வேண்டும். எனவே 3 என்னும் மாறிலி (3, 3, 3, 3) என விரிந்தது. ‘இந்நான்கும் ஒன்றே’ என்னும் அறிவைக் காக்கும் பொறுப்பு தொகுப்பியைச் சேர்ந்தது.

அவ்வறிவின் பயனை வகுத்தலில் காணலாம். குறியற்ற முழு எண்களை (8, 8, 8, 8) ஆல் வகுப்பதற்குப் பதிலாக, இருமங்களை மூன்றிடம் வலப்புறம் நகர்த்தினால் போதும். வகுக்கும் எண்கள் (8, 4, 2, 16) எனில் உறுப்புதோறும் நகர்த்தும் அளவு வேறுபடும். எஸ்.எஸ்.இ.2-இன் நகர்த்தல் ஆணை எல்லா உறுப்புகளையும் ஒரே அளவிலேயே நகர்த்தவல்லது. உறுப்புதோறும் வெவ்வேறு அளவில் நகர்த்தும் ஆணை 2013-இல் ஏ.வி.எக்ஸ்.2-உடனேயே வந்தது.

5. விடை பிழையாமை

பின்ன எண்களில் இச்சுருக்கம் எளிதன்று. 8-ஆல் வகுப்பதை 0.125-ஆல் பெருக்குவதாக மாற்றலாம். இரும முறையில் அவ்வெண் துல்லியமானது. 10-ஆல் வகுப்பதை 0.1-ஆல் பெருக்குவதாக மாற்றினால் கடைசி இலக்கம் பிறழக்கூடும், 0.1-க்கு இரும முறையில் துல்லியமான வடிவம் இல்லை. சுழியத்தைக் கூட்டுவதையும் கண்ணை மூடிக்கொண்டு நீக்க இயலாது: எதிர்க்குறிச் சுழியத்தோடு நேர்க்குறிச் சுழியத்தைக் கூட்டினால், வழக்கமான முழுமையாக்க முறையில் நேர்க்குறிச் சுழியமே கிடைக்கும். நிரலர் வெளிப்படையாக இசைவு தந்தாலன்றி இத்தகைய மாற்றங்களை ஜி.சி.சி. போன்ற தொகுப்பிகள் செய்வதில்லை.

6. மீண்டும் ஒன்றாதல்

2011-இல் வந்த ஏ.வி.எக்ஸ்., நினைவகத்திலுள்ள ஓர் எண்ணை எல்லா உறுப்புகளுக்கும் பரப்பும் தனி ஆணையைத் தந்தது. 2016-இல் ஏ.வி.எக்ஸ்.-512 அப்பரப்பலைக் கணக்கீட்டு ஆணைக்குள்ளேயே அடக்கியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மாறிலி, கிரே-1-இல் இருந்தது போல, ஓர் எண்ணாகவே நிற்கும் நிலையை மீண்டும் எய்தியது.

7. முடிவுரை

வன்பொருள் மாறிலியைப் பிரித்த காலத்தில் அதன் ஒருமையைக் காத்தது தொகுப்பியே. எனினும் அதன் ஆற்றலுக்கு எல்லை வகுத்தது விடை மாறாமை என்னும் நெறி. அந்நெறியைத் தளர்த்த இசைவு தரப்பட்டதா என்பதைப் பொறுத்து ஒரே நிரல் இருவேறு விடைகள் தரக்கூடும். ஆதலின், கணிப்பொறி முடிவுகளை வெளியிடும் ஆய்வாளர் நிரலோடு தொகுப்பியின் பெயர், பதிப்பு, உகப்பாக்க அமைவுகள் ஆகியவற்றையும் பதிவு செய்தல் இன்றியமையாதது.