வெடிமருந்துக்குத் தப்பிய கற்கள்

மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர்கள் பெரும்பாலும் யூதத் தெருவுக்குள் நுழைந்துவிடுவார்கள். இந்த வாரம் நாம் கடற்கரைப் பக்கம் போவோம். பூங்காவும் மைதானமும் நடைபாதையுமாக இன்று ஊர்மக்கள் உலாவும் அந்த ஃபோர்ட் கொச்சிக் கரையில், முந்நூறு ஆண்டுகள் ஐரோப்பியரின் கோட்டை நின்றது.

அரண்மனைக்கும் அந்தக் கோட்டைக்கும் உறவு நெருக்கமானது. கோழிக்கோட்டு சாமூதிரியின் பகையைச் சமாளிக்கப் போர்த்துகீசியரின் துணையை நாடிய கொச்சி அரசர், 1503இல் அவர்கள் கோட்டை எழுப்ப இடம் கொடுத்தார். முதல் கோட்டையில் கல்லே கிடையாது. தென்னந்தடிகளை நட்டு, இரும்புப் பட்டைகளால் பிணைத்து, நடுவில் மண்ணை நிரப்பினார்கள். கல் மதில் பிற்பாடு வந்தது. தங்கள் மன்னர் மானுவேலின் பெயரைக் கோட்டைக்குச் சூட்டினார்கள். 1545 வாக்கில் மட்டாஞ்சேரியில் அரண்மனை கட்டி, கொச்சி அரசருக்குக் கொடுத்ததும் அவர்கள்தான்.

கோட்டையைக் குறிவைத்து 1662இல் வந்த டச்சுப் படை, அரண்மனையை விட்டுவைக்கவில்லை. அங்கே நடந்த சண்டையில் இளவரசர்கள் வெட்டுண்டார்கள், முதிய ராணி சிறைபிடிக்கப்பட்டார். ஓவியங்களின் முன் நிற்கும்போதும் எனக்கு அந்த நாள்தான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. அயலவருக்கு இடையிலான வியாபாரப் போட்டிக்கு இந்த வீடு கொடுத்த விலை அது. மறு ஆண்டு ஜனவரியில் கோட்டையும் விழுந்தது.

போர்த்துகீசியரின் நகரம் காவல் காக்க முடியாத அளவுக்குப் பெரிது என்று கருதிய டச்சுக்காரர்கள், பல கட்டடங்களை இடித்துக் கோட்டையைச் சுருக்கினார்கள். கொத்தளங்களுக்கு ஹாலந்து, கெல்டர்லாந்து என்று தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயரை வைத்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். கோட்டை மறுபடி எதிரியின் கைக்குப் போய்விடக் கூடாது என்று 1806இல் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். 1814 ஒப்பந்தத்தில் பாங்கா தீவை வாங்கிக்கொண்டு டச்சுக்காரர்கள் கொச்சியை முறைப்படி விட்டுக்கொடுத்தபோது, கைமாறுவதற்கு மதிலே இல்லை.

ஜப்பானிலும் 1873இல் மெய்ஜி அரசு கோட்டைகளைக் கைவிடச் சொல்லி ஆணையிட்டது. ஏராளமானவை இடிந்தன. ஆனால் பல இடங்களில் அகழியையும் அடிச்சுவரையும் அப்படியே வைத்துப் பூங்காவாக்கினார்கள். ஹிரோசாகி கோட்டை 1895இலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. செர்ரி பூக்கும் காலத்தில் அங்கே போகிறவர், கோட்டையின் வடிவத்தையும் நடந்தே தெரிந்துகொள்கிறார்.

கொச்சியில் நாமாகத்தான் தேட வேண்டும். கடற்கரை மணலில் அலையடித்துக் கறுத்துப்போன கட்டுமானத் துண்டுகள் கிடக்கின்றன. ஸ்ட்ரோம்பர்க் கொத்தளம் இருந்த இடத்தில், 1667இல் எழுந்த பாஸ்டியன் பங்களா ஓட்டுக்கூரையோடு நிற்கிறது. படைகள் அணிவகுத்த பரேடு மைதானத்தில் இன்று பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். சாந்தா குரூஸ் பேராலய வளாகத்தின் மூலையில் ஒரு கருங்கல் தூண் தனியாக நிற்கும். ஆங்கிலேயர் இடித்த பழைய பேராலயத்தில் மிஞ்சியது அது. கிட்டே போய்த் தொட்டுப் பாருங்கள். மதில் ஓடிய தடத்தைத் தரையில் ஒரு வரிக் கல் பதித்தாவது காட்டியிருக்கலாம். செலவு அதிகமில்லை, மனம்தான் வேண்டும்.

தமிழர்கள் அவசியம் போக வேண்டிய இடம் இன்னொன்று உண்டு: வெளி பகுதியிலுள்ள டோபிகானா. டச்சுப் படையின் உடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கிளிப்பே தேவையில்லை, கடற்காற்றிலும் துணி அசைந்து விழாது. கஞ்சி போட்ட வேட்டிகள் விறைப்பாகக் காய்கின்றன. கோட்டையின் கதையைச் சொல்லப் பலகை வைக்கும் நாளில், ஆளுநர்களின் பெயர்களோடு இவர்களுடைய முன்னோர் வந்த செய்தியும் அதில் இடம்பெற வேண்டும்.

மட்டாஞ்சேரியில் ராணியைச் சிறைபிடித்த டச்சு அதிகாரி வான் ரீட், பின்னாளில் மலபாரின் செடிகொடிகளைப் பற்றி 12 தொகுதி கொண்ட பெருநூலை உருவாக்கினார். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)