கணக்கறிந்த சட்டசபையாளர்

கடன் வாங்கும் ஏழைக்கு முதல் தெரியும், வட்டி தெரியாது. 100 வெள்ளி கடனுக்கு 6 வெள்ளி வட்டி. 106 வெள்ளியையும் 12 மாதத் தவணையில் செலுத்துக என்பார் கடன் கொடுப்பவர். நூற்றுக்கு 6 தானே என்று வாங்குபவன் மகிழ்வான். ஆனால் மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வருதலால், ஆண்டு முழுவதிலும் அவன் கையிலிருப்பது சராசரி பாதித் தொகையே. ஆகவே அவன் கொடுக்கும் உண்மை வட்டி நூற்றுக்கு ஏறத்தாழ 11 ஆகும்.

இந்தக் கணக்கையே சட்டசபையில் எடுத்து வழக்காடினார் ஒரு பொருளாதாரப் பேராசிரியர். அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1892-ம் ஆண்டு பிறந்த பால் டக்ளஸ் என்பவர். சிக்காகோ சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்து, தொழிலாளர் பெறும் கூலி விலைவாசிக்கு ஈடாகிறதா என்று ஆராய்ந்தார். உற்பத்தியில் உழைப்புக்கும் மூலதனத்துக்குமுள்ள பங்கைக் காட்டும் சூத்திரமொன்றை, சார்லஸ் காப் என்னும் கணித அறிஞருடன் சேர்ந்து 1928-ல் வெளியிட்டார். அச்சூத்திரம் அவ்விருவர் பெயராலேயே இன்றும் கற்பிக்கப்படுகிறது.

ஏட்டறிவோடு அவர் நின்றாரில்லை. 1939-ல் சிக்காகோ நகரசபை உறுப்பினரானார். 1942-ல், தமது ஐம்பதாவது வயதில், கடற்படைப் போர்வீரர் அணியில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். 1945-ல் ஓக்கினாவாப் போரில் காயமுற்று, இடக்கை பயனற்றதாயிற்று. பின்னர் இல்லினாய்ஸ் மாகாணத்தின் பிரதிநிதியாக 1949 முதல் 1967 வரை செனட் சபையில் வீற்றிருந்தார்.

1960-ல் அவர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். வட்டியைக் குறைக்குமாறு அது கட்டளையிடவில்லை. கடனுக்கு ஆகும் மொத்தச் செலவையும், ஆண்டு வட்டி நூற்றுக்கு இவ்வளவு என்பதையும் வாங்குபவனுக்கு எழுத்தில் தெரிவித்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். இதற்குத்தான் எத்தனை எதிர்ப்பு! ஆண்டு வட்டியைக் கணக்கிடுதல் நடைமுறைக்கு ஒவ்வாது என்றனர் கடன் கொடுப்போர். சூத்திரம் கண்ட பேராசிரியரிடமே கணக்குக் கடினமென்று சொன்னது வேடிக்கையன்றோ? எனினும் மசோதா ஆண்டுக்கணக்காய்க் குழுவிலேயே முடங்கிக் கிடந்தது.

1966-ம் ஆண்டுத் தேர்தலில் டக்ளஸ் தோல்வியுற்றார். அவர் விதைத்தது 1968-ல் ஜனாதிபதி ஜான்சன் கையொப்பத்துடன் சட்டமாயிற்று. அறுவடை நாளில் உழுதவர் சபையில் இல்லை. 1976-ல் அவர் காலமானார்.

கற்றோர் அரசியலில் புகுவதால் ஏழைக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு இவ்வரலாறே விடையாகும். ஏழையை ஏய்ப்பவருக்குப் பெருந்துணை ஏழையின் அறியாமையே. நாமும் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைக்குமுன், "ஆண்டுக்கு உண்மை வட்டி எவ்வளவு?" என்று கேட்கப் பழகுவோமாக!