ஒரு டாலருக்கு எத்தனை கிராம்?

இன்னைக்கு 2020-க்குப் போறோம். லாக்டவுன்ல விமானம், கார் எல்லாம் நின்னதால அந்த வருஷம் உலகத்தின் கார்பன் வெளியேற்றம் சுமார் 5% குறைந்தது. ஆனா அமேசானுக்கு ஏறுச்சு. எப்படி?

2019 செப்டம்பரில், 2040-க்குள் நிகர வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவோம் என்று ஜெஃப் பெசோஸ் அறிவித்தார். ரிவியன் நிறுவனத்துக்கு 1,00,000 எலெக்ட்ரிக் டெலிவரி வேன்களுக்கான ஆர்டரும் போனது. ஆறே மாதத்தில் கொரோனா. கடைகள் மூடின, ஜனங்க ஆன்லைனுக்கு வந்தாங்க. 2020 ஜூனில் பசுமைத் தொழில்நுட்பத்துக்காக 2 பில்லியன் டாலர் நிதியை அமேசான் அறிவித்தது. அந்த வருஷ வருவாயோ 38% கூடி 386 பில்லியன் டாலர்!

அடுத்த வருஷம் வந்த அறிக்கையில் ரெண்டு கணக்கு. ஒரு டாலர் விற்பனைக்கு வெளியான கார்பன் 122.8 கிராமிலிருந்து 102.7 கிராமாக இறங்கியது, 16% குறைவு. மொத்த வெளியேற்றமோ 51.17 மில்லியன் டன்னிலிருந்து 60.64 மில்லியன் டன்னாக ஏறியது, 19% அதிகம். இதிலும், பொருளைத் தயாரிக்கும்போது வரும் கார்பன் அமேசானின் சொந்த பிராண்டுகளுக்கு மட்டும்தான் சேர்ந்திருக்கு. மத்த கம்பெனிப் பொருட்களுக்கு இல்லை.

நம்ம ஐ.டி. வேலையிலயும் இதே கதைதான். ஒரு ரிக்வெஸ்ட்டுக்கான செலவைப் பாதியாக்கிட்டு கைதட்டுவோம். ட்ராஃபிக் மூணு மடங்கானா க்ளவுட் பில் ஒன்றரை மடங்கா வரும்.

பூமி சூடாவது மொத்தத்தை வச்சுத்தான். அதனால எந்தக் கம்பெனியோட பசுமை அறிக்கையைத் திறந்தாலும், மொத்தக் கணக்கு எந்தப் பக்கத்துல இருக்குன்னு முதல்ல தேடுங்க.