ஃபுட்பால் (மேட்டல் கைவிளையாட்டுக் கருவி)

அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1977-இல் விற்பனைக்கு விட்ட, கைக்குள் அடங்கும் மின்னணு விளையாட்டுக் கருவி. இதில் ஆடப்படுவது நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அடுத்த ஆண்டு ஃபுட்பால் 2 வந்ததும் பழையதை ஃபுட்பால் 1 என்று பிரித்துச் சொல்லத் தொடங்கினர்.

இது கால்குலேட்டரின் வழிவந்தது. எண்களைக் காட்டும் சிவப்பு எல்.இ.டி. கோடுகளை விளையாட்டில் ஓடவிட்டால் என்ன என்று மேட்டலின் ஜார்ஜ் க்ளோஸ் யோசித்தார். கால்குலேட்டர் சில்லுகள் செய்துவந்த ராக்வெல் நிறுவனத்தின் மார்க் லெஸ்ஸர் நிரல் எழுதினார். முதலில் வெளிவந்தது ஆட்டோ ரேஸ் என்ற கார்ப் பந்தயம். அதன் நிரல் முழுவதும் 512 பைட்டுக்குள் அடங்கியாக வேண்டியிருந்தது. இருவரும் அடுத்துக் கொண்டுவந்ததுதான் ஃபுட்பால்.

திரையில் ஆள் உருவம் எதுவும் இல்லை. சற்றுப் பளிச்சென்று எரியும் கோடு பந்தோடு ஓடுபவர். மங்கலான கோடுகள் மறிப்பவர்கள். மேலே, கீழே, முன்னே என மூன்று பக்கம்தான் நகரலாம். பின்வாங்கவோ பந்தை வீசவோ வழியில்லை. வீச்சில்லாத அமெரிக்கக் கால்பந்து பாதி ஆட்டம்தான். ஆனாலும் அந்தக் குறுகல்தான் ஆட்டத்துக்கு விறுவிறுப்பைக் கொடுத்தது என்று சொல்ல வேண்டும். எஸ்.டி. பொத்தானை அழுத்தினால் பந்து எந்த இடத்தில் நிற்கிறது, இன்னும் எத்தனை கெஜம் கடக்க வேண்டும் என்று தெரியும், எஸ்.சி. பொத்தான் புள்ளிகளையும் மீதி நேரத்தையும் காட்டும். பந்து வீசும் வசதி ஃபுட்பால் 2-இல்தான் சேர்ந்தது.

கருவி அமெரிக்காவில் பெருவாரியாக விற்றது. கோலிகோ முதலான போட்டி நிறுவனங்களும் இதே வகைக் கருவிகளோடு களமிறங்கின. 1983-இன் வீடியோ விளையாட்டுச் சந்தைச் சரிவில் அடிபட்ட மேட்டல், 1984-இல் தன் மின்னணுப் பிரிவை மூடியது.

சேகரிப்புச் சந்தையில் இதன் விலையைத் தீர்மானிப்பது அரிதான தன்மை அன்று. ஏராளமாக விற்ற பொருள் இது, தவிர, எல்.இ.டி. எளிதில் கெடுவதில்லை. பிற்காலத்து எல்.சி.டி. கருவிகளில் திரை கறுத்துப்போவது சகஜம்; இதுவோ புது 9 வோல்ட் பேட்டரி போட்டால் இன்றும் பெரும்பாலும் உயிர்பெற்றுவிடுகிறது. எனவே வெறும் கருவிக்கு விலை பெரிதாக ஏறுவதில்லை. பணம் இருப்பது அட்டைப் பெட்டியிலும் விளக்கக் கையேட்டிலும். பரிசு வாங்கிய பிள்ளைகள் அன்றே கிழித்தெறிந்தவை என்பதால் அவைதான் கிடைப்பதில்லை. பிரிக்கப்படாத பெட்டி என்றால் கணக்கே வேறு.

வாங்குபவர் முதலில் கழற்றிப் பார்ப்பது பேட்டரி அறையை. பல ஆண்டுகள் உள்ளேயே கிடந்த பேட்டரி கசிந்திருந்தால் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும், கம்பியும் அரித்திருக்கும். தொலைந்த பேட்டரி மூடி, மஞ்சளடித்த வெள்ளை உறை, எரியாத ஒரே ஒரு கோடு ஆகியவையும் விலையைக் குறைக்கும். மேட்டல் 2000-ஆம் ஆண்டில் இதை மறுபதிப்பாக வெளியிட்டது. அதைப் பழையது என்று நம்பி வாங்குவோர் உண்டு. உறையில் பொறித்த ஆண்டைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.