ஆக்கமும் அகற்றலும்: மெய்நிகர்ப் புளூடூத் இயக்கி ஒன்றின் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தோர் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அரசர் வரலாறே நாட்டு வரலாறு எனக் கொள்ளப்பட்ட நிலைக்கு ஒப்பானது இது. புளூடூத் எனும் குறுந்தூரக் கம்பியில்லாத் தொடர்பு முறையும் இதற்கு விலக்கன்று. 1994 இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் அதற்கான முயற்சி தொடங்கியமை, 1998 இல் எரிக்சன், ஐ.பி.எம்., இன்ரெல், நொக்கியா, தொஷிபா ஆகியன அதற்கெனக் கூட்டமைப்பொன்றை நிறுவியமை, பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னன் ஹரால்டின் பட்டப்பெயர் அதற்குச் சூட்டப்பட்டமை ஆகியன பலகாலும் கூறப்பட்டவை. தோற்றம் பேசப்படுமளவிற்குப் பராமரிப்புப் பேசப்படுவதில்லை.

இக்குறையை விளக்க, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமாகிய கேர்னலிலுள்ள சிறியதொரு நிரலை இங்கு நோக்குவோம். அது வி.எச்.சி.ஐ. எனப்படும் மெய்நிகர்ப் புளூடூத் இயக்கி. இலக்கிய மாணவருக்கு இதில் என்ன அக்கறை என்ற வினா எழலாம். ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களினூடாக ஒரு நூலின் வரலாற்றைக் காண்பது நமக்குப் பழக்கமான முறையே. 2005 முதல் லினக்ஸ் கேர்னலின் திருத்தங்கள் திகதியுடனும் விளக்கத்துடனும் முறையாகப் பதிவுசெய்யப்பட்டு வருவதால் அம்முறை இங்கும் பயன்படும்.

குவால்கொம் நிறுவனத்தில் மக்சிம் கிரஸ்னியான்ஸ்கி உருவாக்கிய புளூசீ எனும் மென்பொருள், பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டு 2001 இல் லினக்ஸ் கேர்னலிற் சேர்க்கப்பட்டது. நாம் நோக்கும் இயக்கியும் அம்மரபில் வந்ததே. அதன் பணி எளிதில் விளங்கக்கூடியது. ஒரு நிரல் இவ்வியக்கிக்குரிய சாதனக் கோப்பைத் திறந்தால், வானொலிச் சில்லு எதுவுமின்றியே, உண்மையான புளூடூத் சாதனமொன்று தன்முன் இருப்பதாகக் கொண்டு கேர்னல் இயங்கும். சாதனம் கூறவேண்டியதை நிரல் அக்கோப்பில் எழுதும். கேர்னல் கூறுவதை அதிலிருந்து வாசிக்கும். இவ்வாறு வன்பொருளின்றியே புளூடூத் மென்பொருளைச் சோதிக்க முடிகிறது.

கோப்புத் திறக்கப்பட்டதும் இயக்கி தனக்குரிய நினைவிடத்தைப் பெறுகிறது. செய்திகளுக்கான வரிசையை அமைக்கிறது. ஒரு விநாடிக்குரிய காலக்கணிப்பியை முடுக்குகிறது. எவ்வகைச் சாதனம் வேண்டுமென்பதை நிரல் அதற்குள் எழுதி அறிவிக்கலாம். அறிவிக்காவிடின், காலக்கணிப்பியே வழமையான சாதனமொன்றை உருவாக்கிப் பதிவுசெய்துவிடும். கோப்பு மூடப்படும்போது இவையனைத்தும் அகற்றப்பட வேண்டும். காலக்கணிப்பியை நிறுத்துதல், சாதனத்தின் பதிவை நீக்குதல், வரிசையை வெறுமையாக்குதல், இறுதியில் நினைவிடத்தைத் திருப்பியளித்தல் என்பதே ஒழுங்கு. இவ்வொழுங்கு பிறழின், திருப்பியளிக்கப்பட்ட நினைவிடத்தை வேறொரு செயல் தொடர்ந்து பயன்படுத்தும் அபாயம் தோன்றும். பெற்றவர் எவர், திருப்பியளிக்க வேண்டியவர் எவர் என்பதே இங்கு அடிப்படை வினா.

இவ்வினாவிற்கு முழுமையான விடை தொடக்கத்திலேயே கிடைத்துவிடவில்லை. 2016 ஆம் ஆண்டின் திருத்தங்கள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. சாதனம் உருவாகிவிட்டதா என்பதை முதலிற் பார்த்து, அதன் பின்னரே காலக்கணிப்பியை நிறுத்துவதாக இயக்கி எழுதப்பட்டிருந்தது. அவ்விரு செயல்களுக்கும் இடைப்பட்ட நுண்பொழுதிற் காலக்கணிப்பி சாதனத்தை உருவாக்கிவிடின், அதனை அகற்றுவார் எவருமிலர். முதலில் நிறுத்தி, பின்னர் பார்க்குமாறு வரிகள் இடம் மாற்றப்பட்டன. எழுத்துவழியும் காலக்கணிப்பிவழியும் ஒரேவேளை சாதனம் உருவாக்க முனைவதைத் தடுக்கப் பூட்டொன்று பயன்படுத்தப்பட்டது. சாதனம் இயங்கத் தொடங்கு முன்னரே கோப்பு மூடப்படின் வரிசையில் எஞ்சிவிடும் செய்திகளை அகற்றவும் வழி செய்யப்பட்டது. மாற்றங்கள் சிலவரிகளே, அவற்றின் பின்னாலுள்ள சிந்தனையுழைப்போ பெரிது.

உண்மைச் சாதனங்களுக்கும் மெய்நிகர்ச் சாதனத்துக்கும் பொதுவான மேலடுக்கிலும் இதே முரண்பாடு வெளிப்பட்டது. 2021 இல் இரு குறைபாடுகள் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றன. ஒன்று, சாதனத்தை ஆரம்பிக்கும் கட்டத்தில் ஒரே நினைவிடம் இருமுறை விடுவிக்கப்படக்கூடிய நிலை. மற்றையது, சாதனத்தின் பதிவு நீக்கப்படும் வேளையில் வேறொரு செயல் அதனைத் தொடர்ந்து பயன்படுத்தக்கூடிய நிலை. ஒன்று ஆக்கத்திலும் மற்றொன்று அகற்றலிலும் எழுந்தமை கவனத்துக்குரியது. இவற்றைக் கணினியைச் செயலிழக்கச் செய்யப் பயன்படுத்த முடியும். இரண்டாவது அதிகார எல்லைகளை மீறுவதற்கும் இடமளித்தது.

பயன்படுத்தப்படாத இயந்திரம் துருப்பிடிக்கும், உயிருள்ள உழைப்பே அதனைக் காக்கும் என்பது 1867 இல் வெளியான 'மூலதனம்' முதலாம் தொகுதியில் மார்க்ஸ் வலியுறுத்தியது. மெய்நிகர்ச் சாதனத்தில் துருப்பிடிக்க இரும்பில்லை. எனினும், உயிருள்ள உழைப்பின்றி அதுவும் நிலைப்பதில்லை என்பதையே மேற்கண்ட வரலாறு உணர்த்துகிறது.

இவ்விடத்து இரு எளிமைப்படுத்தல்களைத் தவிர்ப்பது அவசியம். நிரலின் ஒழுங்கைச் சமுதாயத்தின் ஒழுங்கிற்கு உவமையாக்கி அமைவது இயந்திரப்பாங்கான பார்வையாகும். கட்டற்ற மென்பொருள் யாவும் தன்னலமற்ற தொண்டரின் கொடை எனக் கொள்வது கற்பனாவாதமாகும். 2016 ஆம் ஆண்டுத் திருத்தங்களைச் செய்தோர் சூசே நிறுவனத்திற் பணியாற்றியவர்கள். கூலியுழைப்பே அங்கும் செயற்பட்டது. எனினும் அவ்வுழைப்பின் பயன் ஒரு நிறுவனத்துடன் நின்றுவிடவில்லை. போட்டி நிறுவனங்களும் மாணவரும் அதனைச் சமமாகப் பெற்றனர். உற்பத்தி சமூகத்தன்மை பெற்றிருக்க, எதைப் பராமரிக்க ஆளமர்த்துவது என்ற தீர்மானம் தனியார் இலாபக் கணக்கிற் தங்கியுள்ளது. முரண்பாடு இங்குதான் உள்ளது.

ஆதலின், ஒரு சாதனத்தை ஆக்கியவர் யார் என்று கேட்பதோடு வரலாற்றாசிரியன் நின்றுவிடலாகாது. அது முடிவுறும்போது எஞ்சியவற்றை அகற்றுவோர் யார், அவர்களின் உழைப்புக்கு ஈடளிப்போர் யார் என்றும் கேட்டல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை தேடும்போதே தொழில்நுட்ப வரலாறு மக்கள் வரலாறாகும்.